மெயின்ஃப்ரேமை நிறுத்தாமல் பெரிதாக்க முடியாதா?

"மெயின்ஃப்ரேம், அதாவது பெரிய நிறுவனங்களின் மையக் கணினி, அறையை அடைக்கும் பழைய பெட்டி, திறன் போதாவிட்டால் நிறுத்திவிட்டுப் புதிதுதான் வாங்க வேண்டும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 என்ற மெயின்ஃப்ரேம் காலத்துப் படம்தான் பலர் மனதில் இன்னும் இருக்கிறது.

2022இல் வந்த ஐபிஎம் இசட்16 மெயின்ஃப்ரேம் அதிகபட்சம் நான்கு ரேக்குகளில் (அலமாரிகளில்) அடங்கிவிடும். 200 கோர்கள் (கணக்கிடும் செயலி அலகுகள்), 40 டெராபைட் நினைவகம் வரை போகும். சுவாரசியமே இனிமேல்தான். வாங்கும்போதே பயன்படுத்தாத கோர்கள் சில உள்ளே பூட்டிக் கிடக்கும். வேலை கூடினால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் திறந்துவிடலாம். (பணம் கட்டினால்தான் திறக்கும், அது வேறு கதை!) ஒரு கோர் பழுதானால் உபரிக் கோர் அதன் வேலையைத் தானாக எடுத்துக்கொள்ளும். அதுவும் போதவில்லையா? சரி, பேரலல் சிஸ்ப்ளெக்ஸ் முறையில் 32 சிஸ்டம்கள் வரை சேர்த்து ஒன்றுபோல ஓட்டலாம்.