காவல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

இரவு ரோந்துக்குச் சென்று நாற்சந்தியில் நிற்கும் காவல் வண்டியின் எஞ்சின் பெரும்பாலும் அணைக்கப்படுவதில்லை. மேலே சுழல்விளக்கு எரிய வேண்டும், வயர்லெஸ் வேலை செய்ய வேண்டும், அழைப்பு வந்த நொடியில் வண்டி கிளம்ப வேண்டும். இத்தனையையும் பேட்டரியின் தலையில் மட்டும் கட்டினால் விடியற்காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும். அதனால் ஓட்டுநர் எஞ்சினை ஓடவிடுகிறார்; அவர் செய்வதில் தவறில்லை. ஆனால் அப்படி ஆறு மணி நேரம் நின்ற வண்டியின் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. காவல் வாகனப் பராமரிப்பில் ஏற்படும் பல கோளாறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் சரக்கு லாரிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். என் சித்தப்பா மாவட்ட ஆயுதப்படையின் மோட்டார் வாகனப் பிரிவில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். லாரியைப் பொறுத்தவரை எஞ்சின் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் சக்கரமும் ஓடுகிறது என்று பொருள். ஆகவே கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுவது எங்களுக்குப் பொருந்துகிறது. அதே கணக்கைக் காவல் ஜீப்புக்கும் போட்டால், மீட்டரில் எட்டாயிரம் கிலோமீட்டர் காட்டும்போதே உள்ளே இருக்கும் ஆயில் எப்போதோ தன் வேலையை முடித்திருக்கும்.

அமெரிக்காவில் காவல் துறைக்கென்றே கார்களைச் செய்து தரும் ஃபோர்டு நிறுவனம் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. எஞ்சின் ஒரு மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடினால், அது ஏறத்தாழ 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமமான தேய்மானம் என்பது அந்நிறுவனம் தரும் கணக்கு. அதற்காகவே அந்தக் கார்களில் எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரும் இருக்கிறது. இது அந்த எஞ்சின்களுக்குச் சொன்ன அளவு. நம் டீசல் வண்டிகளுக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் ஒரு பேச்சுக்குப் போட்டுப் பாருங்கள்: இரவுக்கு ஆறு மணி நேரம் நிற்கும் வண்டிக்கு ஒரு மாதத்தில் சுமார் 9,500 கிலோமீட்டர் கணக்கில் வராமலே போகிறது. பல வண்டிகளுக்கு ஏறக்குறைய ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையிலான தூரமே அவ்வளவுதான்.

2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.-6 விதிமுறை நடைமுறைக்கு வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாய்ப் பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பணிமனையில் அதை டி.பி.எஃப். என்பார்கள். அதில் சேரும் கரி எரிந்து போக, புகையின் வெப்பம் சுமார் 600 டிகிரியை எட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் இடைவிடாமல் சிறிது நேரம் ஓடினால் அது தானாகவே நடந்துவிடும். திருவண்ணாமலை தீபத்துக்கோ மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கோ பந்தோபஸ்துக்குப் போய், கூட்டத்துக்கு நடுவே நாள் முழுதும் நின்றபடி ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதே இல்லை. முதலில் மஞ்சள் விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் விட்டால் வண்டியின் இழுவை குறையும். அதன் பிறகு கருவியைப் பொருத்தித்தான் சுத்தம் செய்ய முடியும். இதில் இன்னொன்றும் உண்டு. கரியை எரிக்கும் வேலை பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும், அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கிறது. காலையில் ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்றால், பழைய வண்டிகளில் பழகிய ஓட்டுநர் ஆயில் நிறைய இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடுவார். உண்மையில் அந்த ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. குச்சியை முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை வரும். இதை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுக்க அரை நாள் பயிற்சி போதும்.

நின்றே ஓடும் எஞ்சினை ஒரே நொடியில் உச்ச வேகத்துக்கு விரட்டுவது எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை இங்கிலாந்து கண்டது. 2020 ஜனவரியில் கம்பிரியா பகுதியின் எம்-6 நெடுஞ்சாலையில், அவசர அழைப்புக்கு விரைந்துகொண்டிருந்த ஒரு காவல் காரின் எஞ்சின் செயலிழந்து தீப்பிடித்தது. கார் கட்டுப்பாட்டை இழந்து மோதியதில் அதை ஓட்டிய காவலர் உயிரிழந்தார். அது பி.எம்.டபிள்யூ.வின் என்-57 டீசல் எஞ்சின். காவல் துறையினர் அந்தக் கார்களைப் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புடைய கோளாறு இது என்று நிறுவனம் கூறியது. அந்த வகைக் கார்களை அதிவேகப் பணிகளுக்கு அனுப்புவதற்கு அங்கே கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. பின்னர் அந்நிறுவனம் பிரிட்டன் காவல் துறைக்கு வாகனம் விற்பதையே நிறுத்திக்கொண்டது. பணக்கார நாட்டில், விலையுயர்ந்த காரில், பயிற்சி பெற்ற ஓட்டுநருக்கே இது நேர்ந்தது. வாங்கும்போது எவ்வளவு செலவழித்தாலும், பணியின் தன்மைக்கேற்பப் பராமரிப்பு அமையாவிட்டால் அந்த வண்டியில் ஏறுபவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

ஓடாமல் நிற்கும் வண்டிகளுக்கு இதற்கு நேர் எதிரான சிக்கல். கலவரத் தடுப்புக்கான வஜ்ராவும், தண்ணீர் பீய்ச்சும் வருணும் ஆண்டில் பல நாள்கள் ஆயுதப்படை மைதானத்து வெயிலில்தான் நிற்கின்றன. கிலோமீட்டர் ஏறவில்லை, டயரின் பட்டன் தேயவில்லை, ஆகவே டயர் நன்றாக இருக்கிறது என்று ஏட்டில் எழுதிவிடலாம். ஆனால் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். மைதானத்தில் நடக்கும் வாகன ஆய்வின்போது அந்த நான்கு இலக்கத்தையும் பதிவேட்டில் எழுத வைத்தாலே, இருபது பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் வண்டியின் டயர் வெடிக்கும் ஆபத்து பெருமளவு குறையும்.

ஓட்டுநரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்தப்பாவிடம் பல ஆண்டுகள் ஒரே வண்டி இருந்தது. கிளட்ச் பிடிப்பதில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அவர் லாக் புக்கில் எழுதிவிடுவார். இப்போது பல இடங்களில் ஷிஃப்டுக்கு ஓர் ஆள் மாறுகிறார். பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்பதை முதல் ஆள் கவனிக்கிறார், அடுத்தவரிடம் வாயால் சொல்கிறார், மூன்றாமவருக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. பல்ப், பஞ்சர், வைப்பர் பட்டை போன்ற சில்லறைச் செலவுகளுக்குக் கைக்காசைப் போட்டுவிட்டு, பில் பாஸ் ஆகும் வரை காத்திருக்கும் ஓட்டுநர்களையும் எனக்குத் தெரியும். நூறு ரூபாய் செலவைத் தள்ளிப்போட வைக்கும் நடைமுறைதான் பின்னால் பெரிய செலவைக் கொண்டுவருகிறது. நிலைய அளவிலேயே ஒரு சிறு தொகையைச் செலவிட அதிகாரமும், ஒரு வண்டிக்கு இரண்டு பேருக்கு மேல் மாறாத ஓட்டுநர் முறையும் கட்டாயம் வேண்டும்.

15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு கொண்டுவந்த விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் ஒழுங்குப் பணிக்கான கவச வாகனங்கள் போன்ற சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. விதியை வரவேற்கிறேன், ஆனால் ரோந்து வண்டிக்கு 15 ஆண்டு என்பது மிக நீண்ட காலம். அந்த எல்லை வரும்வரை காத்திருக்காமல், எஞ்சின் மணி நேரமும் பழுதுச் செலவும் ஓர் அளவைத் தாண்டியதும் வண்டியைக் கழிவு செய்து ஏலத்துக்கு அனுப்புவதுதான் முறை. (காவல் நிலைய வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்துப் பராமரிப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வழக்குகளில் பறிமுதல் செய்யப்பட்டவை. அது வேறு பிரச்சினை.)

காவல் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. வாங்கிய வாகனங்களின் எண்ணிக்கையோடு, மாவட்டவாரியாக வண்டிகள் பழுதாகி ஆஃப் ரோட்டில் நின்ற நாள்கள், பத்தாண்டைத் தாண்டிய வண்டிகள், காலியாக உள்ள ஓட்டுநர் பணியிடங்கள் ஆகிய மூன்றையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் வாகனப் பிரிவின் பதிவேடுகளில் இவை ஏற்கெனவே இருப்பவைதான். தொகுத்து அச்சிட வேண்டியது மட்டுமே பாக்கி. எஞ்சின் மணி நேரத்தைக் காட்டும் மீட்டரை, அடுத்த முறை ரோந்து வாகனம் வாங்கும் டெண்டரிலேயே நிபந்தனையாக எழுதிவிடலாம். விலை அதிகமில்லாத கருவி அது. லாரிகளிலும் ஜெனரேட்டர்களிலும் நாங்கள் தினமும் பார்த்துப் பழகியதுதான்.