தீபாவளி லீவுக்குப் பங்கோர்தான் சரி

நண்பர்களோடு ஓய்வாகக் கிடக்க எந்த இடம் நல்லது என்ற கேள்விக்கு, மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான் தீவைச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல இடம்தான். ஆனால் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் கூட்டத்துக்கு ஒன்றாக லீவு அமைவதே தீபாவளிக்குத்தான். அந்த நேரம் கிழக்குக் கரையில் பருவமழை தொடங்கிவிடும். கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பலவும் மூடிவிடும். மேற்குக் கரையோரம் இருக்கும் பங்கோர் தீவுக்கு அந்தத் தொல்லை குறைவு. எதிர்க்கரையிலுள்ள லுமுட் ஊரில் காரைப் போட்டுவிட்டு ஃபெர்ரி ஏறினால் ஆயிற்று.

தீவின் தெலுக் நிப்பா கடற்கரையில் சாயங்காலம் இருவாச்சிப் பறவைகள் கூட்டமாக இறங்கி, நீட்டிய பழத்தை அந்தப் பெரிய அலகால் லாவகமாகக் கவ்விக்கொண்டு போகும். விரல் பத்திரம்! படுத்துக் கிடந்து அலுத்தால் கடலோரப் பத்ரகாளியம்மன் கோயிலுக்கு ஒரு நடை. ஓய்வு வேண்டுமென்றால் மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. அப்புறம், 2020 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு. கூட வருகிற சிலரைக் கடையிலிருந்து கடலுக்கு இழுத்து வருவதுதான் பெரும்பாடு.