வாஷிங்டன் சொல்லாத ஒரு சொல்

"எவருடனும் சிக்கவைக்கும் கூட்டணி வேண்டாம்" என்று ஜார்ஜ் வாஷிங்டன் சொன்னதாக இன்று மறுபடியும் ஒரு பதிவு கண்ணில் பட்டது. சொன்னவர் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், 1801 மார்ச் 4 அன்று பதவியேற்பு உரையில். பெயர் மாறியதைக்கூட மன்னித்துவிடலாம். வாஷிங்டனின் 1796 பிரியாவிடை உரையைக் காட்டி, அமெரிக்கா உலகுக்குக் கதவடைத்தபடியே பிறந்த நாடு என்று முடிவுகட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உரையைப் படித்துப் பாருங்கள். வணிகத்தைப் பெருக்குங்கள், அரசியல் பிணைப்பை முடிந்தவரை குறையுங்கள் என்கிறார். இது வாஷிங்டனிடமோ, வரைவு எழுதிக்கொடுத்த அவருடைய முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனிடமோ முளைத்த எண்ணம் அல்ல. பிரிட்டனோடு ஒட்டியிருக்கும்வரை அதன் சண்டையெல்லாம் நம் தலையில்தான் விடியும், நமக்கு வேண்டியது வணிகம் என்று 1776 ஜனவரியிலேயே 'காமன் சென்ஸ்' நூலில் வாதிட்டவர் தாமஸ் பெயின். இங்கிலாந்திலிருந்து அவர் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அன்று பிரிட்டிஷ் மன்னரே ஜெர்மனியின் ஹனோவருக்கும் அதிபதி. அந்தச் சிற்றரசுக்காக ஒரு தீவு நாடு ஏன் இரத்தம் சிந்த வேண்டும் என்ற சச்சரவு லண்டனில் பல்லாண்டு ஓடியது. அந்த வாதத்தைத்தான் பெயின் பிரிட்டன்மீதே திருப்பினார் என்பது என் உறுதியான எண்ணம்.

1776 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்ற, ஜான் ஆடம்ஸ் வரைந்த மாதிரி ஒப்பந்தமும் பிரான்ஸிடம் வணிக உறவையே நாடியது. ஆனால் பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போர் நெருக்கியது. 1778 பிப்ரவரியில் படைக் கூட்டணியே போட வேண்டியதாயிற்று. அதனால் மூண்ட ஆங்கில-பிரெஞ்சுப் போர் நம் கடலூர் வரை வந்தது. ஐரோப்பாவில் 1783 ஜனவரியிலேயே பூர்வாங்க உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்து சேராததால் ஜூனிலும் இங்கே பீரங்கிகள் முழங்கின. பத்தாண்டு கழித்துப் பிரான்ஸ் மீண்டும் பிரிட்டனோடு மோதியபோது, அதே கூட்டணி வாஷிங்டனின் கழுத்தைச் சுற்றியது. 1793இல் நடுநிலை அறிவித்தார். 1796இன் அறிவுரை அப்படிப் பட்டுத் தெளிந்தவரின் பேச்சு.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. ஒதுங்கியிருக்கும் கொள்கை அட்லாண்டிக் பக்கம், அதாவது ஐரோப்பாவை, மட்டுமே பார்த்தது. பிரெஞ்சுக் கூட்டணி பிறந்த அதே 1778இல், செப்டம்பர் மாதம், பிட் கோட்டையில் (இன்றைய பிட்ஸ்பர்க்) டெலவேர் பூர்வகுடிகளோடும் அமெரிக்கா ஒரு கூட்டணி ஒப்பந்தம் செய்தது. அவர்கள் விரும்பினால் தனி மாநிலமாகிக் காங்கிரஸில் பிரதிநிதித்துவம் பெறலாம் என்ற பேச்சுகூட அதில் இருக்கிறது. 1795இல், வாஷிங்டன் ஆட்சியிலேயே, கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஒஹையோ நிலத்தின் பெரும்பகுதியை எழுதிக்கொடுத்த குடிகளில் அந்த டெலவேர்களும் இருந்தார்கள்.