ஊட்டிக்கு 18-300 போதுமா?

மலைக்கு வரும் நண்பர்கள் ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்பதைவிட லென்ஸைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 18-200, 18-300 எம்எம் (சின்ன எண்ணில் அகலக் காட்சி, பெரிய எண்ணில் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்) என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஜூம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பார்கள். "அது ஷார்ப்பா இருக்காது" என்று யாராவது யூடியூபில் சொல்லித் தொலைத்திருப்பார்கள்.

இந்த ஷார்ப் கவலை எங்கள் மலையில் பெரும்பாலும் வீண். தொட்டபெட்டாவிலோ கோடநாடு காட்சிமுனையிலோ நின்று 300-க்கு இழுத்து எடுக்கும்போது, நமக்கும் எதிர்மலைக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் ஈரக்காற்றும் மூட்டமும் கிடக்கின்றன. லட்ச ரூபாய் லென்ஸும் அதன் வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். ஓரங்கள் மசமசப்பது, 18-ல் நேர்க்கோடு வெளிப்பக்கம் வளைவது எல்லாம் உண்மைதான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் நேர்க்கோட்டுக்கு எங்கே போவது? கட்டடமாக இருந்தாலும் அந்த வளைவை மென்பொருளே நிமிர்த்திவிடும்.

மலை ரயிலில் இந்த லென்ஸுக்கு ஈடு கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். வண்டி வளைவில் திரும்பும் சில நொடிகள்தான் அது முழுசாகத் தெரியும். அதை எடுத்து முடிப்பதற்குள் பாலம், கீழே ஓடை, அப்புறம் குகைப்பாதை. ஆள் மேல் ஆள் இடிக்கிற பெட்டியில், புகை வந்துகொண்டிருக்கும்போது லென்ஸைக் கழற்றி மாட்டுவது சென்சாருக்குத் தூசியை விருந்து வைக்கிற வேலை.

காட்டெருமைக்கும் இதுதான் சரி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே மேயும். செல்போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. 300 இருந்தால் தள்ளி நின்றே எடுக்கலாம்.

இதற்கெல்லாம் நாம் கொடுக்கிற விலை வெளிச்சம். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது எஃப் எண், அது கூடக்கூட வெளிச்சம் குறையும். முழுசாக இழுத்தால் பெரும்பாலும் எஃப்/6.3-தான் கிடைக்கும். எஃப்/2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் உள்ளே வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம். வெயிலில் இது உறைக்காது. சோலைக்காட்டுக்குள் போய்ப் பாருங்கள், நடுப்பகலிலேயே சாயங்காலம் மாதிரி இருக்கும். நீலகிரி ஈப்பிடிப்பான் என்கிற குருவி ஒரு கிளையில் நிலையாக இருக்காது. அதற்கு 1/500 நொடி ஷட்டர் வேகம் வைத்தால், ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 6400-ஐத் தாண்டி ஏறும். அதனால் படத்தில் வரும் புள்ளிகளை மென்பொருளில் துடைக்கலாம், கூடவே இறகின் நுணுக்கமும் கொஞ்சம் போய்விடும். ஸ்டெபிலைசர்தான் இருக்கிறதே என்பார்கள். அது நம் கையின் ஆட்டத்தைத்தான் அடக்கும், குருவியின் ஆட்டத்தை அல்ல. மூடுபனி இறங்கிவிட்டால் ஃபோகஸும் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும்.

35 அல்லது 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைப் பையில் போட்டு வாருங்கள். விலையும் எடையும் குறைவு. அந்தி நேரத்துக் கடைத்தெரு, டீக்கடைக்குள் ஆவி பறக்கும் முகங்கள் எல்லாம் இதில்தான் அழகாக வரும். சோலைக் குருவிக்கு இது உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குருவி வேண்டுமானால் காலையில் காட்டோரமாக, வெயில் விழுகிற இடத்தில் காத்திருங்கள்.

இந்த ஒரு பயணத்துக்காக 18-300-ஐ விற்றுவிட்டு 70-200 எஃப்/2.8 வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் பல மாடல்கள் ஒன்றரைக் கிலோவை நெருங்கும், அகலக் காட்சிக்கு இன்னொரு லென்ஸும் தேவைப்படும். கோவையில் வாடகைக்குக் கிடைக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் மேடு ஏறிப் பாருங்கள், விற்பதை அப்புறம் பேசலாம்.