சம்பளம் மேனேஜர் பாக்கெட்டிலிருந்து வருவதில்லை

'கேரளச் சித்தூர் பக்கத்து எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) பள்ளிகளில் ஆசிரியர் சங்கம், பள்ளியை நடத்தும் மேனேஜரோடு பேசினாலே சம்பளம் கூடும், துணிச்சல்தான் இல்லை' என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். தப்புங்க.

கேரளாவில் எய்டட் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு. 1958 கல்விச் சட்டத்திலேயே இருக்கு. தலைமையாசிரியர் அரசின் சம்பள மென்பொருளான ஸ்பார்க்கில் பில் போடுவார், டிரஷரி (அரசுக் கருவூலம்) வழியாகப் பணம் வரும். மேனேஜர் கைக்கு ஒரு பைசா போகாது. சம்பள விகிதமும் திருவனந்தபுரத்தில்தான் முடிவாகும். பதினோராவது சம்பளத் திருத்தத்துக்கு 2021-இல் உத்தரவு வந்து 2019 ஜூலையிலிருந்து அமலானது. டி.ஏ. (அகவிலைப்படி) பாக்கி கேட்பதும் அரசிடம்தான்.

மேனேஜரிடம் பேச வேண்டியது நியமனம். ஆளை எடுப்பது அவர். ஆனால் தொடக்கப் பள்ளி என்றால் ஏ.இ.ஓ.வின் (உதவிக் கல்வி அதிகாரி) அங்கீகாரம் வராதவரை அந்த டீச்சருக்குச் சம்பள பில்லே போட முடியாது.

அன்எய்டட் (அரசு உதவி பெறாத) ஆங்கிலப் பள்ளியை நினைத்து எழுதினாரோ என்னவோ. அங்கே சம்பளத்துக்கு மேனேஜ்மென்டிடம்தான் பேசணும்.