மாட்டுங்காவில் ஒரு குந்தவை

(மும்பை மாட்டுங்கா சந்தையில் ஒரு பூக்கடை. பூக்கட்டிக்கொண்டிருப்பவர் முருகேசன். வாங்க வந்தவர் சரோஜா மாமி. தஞ்சாவூரில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பை நிறையக் கத்தரிக்காய், வாய் நிறையக் குறை.)

மாமி: மல்லிகை மூன்று முழம் கொடு. நேற்றுப் பேரன் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகத்தையும் வீட்டில் போட்டுக் காட்டினான். வயிறு எரிகிறது.

முருகேசன்: திரிஷாவைப் பார்த்துமா எரிகிறது?

மாமி: அந்தப் பெண்ணா சோழ இளவரசி குந்தவை? 1999இல் 'ஜோடி'யில் சிம்ரனுக்குத் தோழியாக ஓரத்தில் நின்றவள்!

முருகேசன்: ஓரத்தில் நின்றவள்தான் 'சாமி', 'கில்லி' என்று நடுவுக்கு வந்தாள். 'கில்லி'யை இங்கே அரோரா தியேட்டரில் மூன்று முறை பார்த்தேன். 2018இல் '96' வந்தபோது கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அன்று வாடிய பூ இரண்டு கூடை. தோழியாக நின்றவளைச் சுற்றி இன்று தோழிமார் நிற்கிறார்கள், மாமி. 2022இல் முதல் பாகம் வருவதற்குள் 23 வருடம் ஆகிவிட்டது. உங்கள் வங்கியில் அதற்குள் மேனேஜரே ஆகிவிடுவார்கள்.

மாமி: நான் ஆகவில்லை. அதை விடு. ஐஸ்வர்யா ராயைக்கூட ஒன்றும் சொல்ல மாட்டேன், மும்பை மருமகள். நந்தினி, ஊமை ராணி என்று இரண்டு வேடம். 1997இல் 'இருவர்' என்ற முதல் படத்திலேயே இரட்டை வேடம் போட்டவளுக்கு இது பழக்கம்தான். ஆனால் நாவலில் நந்தினி சின்னப் பெண்!

முருகேசன்: அரண்மனையில் குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நின்றபோது விசிலடித்தவன் வயதுச் சான்றிதழா கேட்டான்?

மாமி: நாவலில் மணிமேகலை என்று ஒருத்தி. படத்தில் அவளைக் காணவே காணோம்.

முருகேசன்: சரி, உங்கள் மனத்தில் இருக்கிற குந்தவை யார் சாயல்?

மாமி: நாவல் 1950இலிருந்து 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் தொடராக வந்தது. அம்மா வாரா வாரம் உரக்கப் படிப்பாள். மணியம் படம் வரைந்திருப்பார். அது ஒரு பக்கம் இருக்கட்டும்...

முருகேசன்: இருக்கட்டும்?

மாமி: என் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ உண்டு. உயரக் கொண்டையோடு.

முருகேசன்: அப்படிச் சொல்லுங்கள்! உங்களுக்கு வர வேண்டிய வேடம் கைமாறிவிட்டது.

மாமி: சிரிக்காதே. உன் வேடமும்தான் போயிற்று.

முருகேசன்: எனக்கென்ன வேடம்?

மாமி: சேந்தன் அமுதன். தஞ்சையில் நந்தவனம் வைத்துக் கோயிலுக்குப் பூ கொண்டுபோகிற பிள்ளை. நாவலின் முடிவில் அவன்தான் சோழ சிம்மாசனத்தில் ஏறுகிறான்.

முருகேசன் (நார் கையிலேயே நிற்க): பூக்காரன் ராஜா ஆகிறானா?

மாமி: உத்தம சோழன் ஆகிறான். படத்தில் அந்தத் திருப்பமே இல்லை.

முருகேசன்: அதையா வெட்டினார்கள்? அநியாயம், மாமி! குதிரை ஓடுவதற்கு நேரம் இருக்கிறது, கப்பல் கவிழ்வதற்கு நேரம் இருக்கிறது, பூக்காரனுக்கு மட்டும் இல்லையா?

மாமி: இப்போது யாருக்கு வயிறு எரிகிறது?

முருகேசன்: எனக்குத்தான். ஆனால் திரிஷா மேல் தப்பில்லை.

மாமி (சரத்தைக் கையால் அளந்து): மூன்று முழம் கேட்டேன். இது இரண்டேகால்தான் வருகிறது, உத்தம சோழரே.

முருகேசன்: மூன்று முழம் நாவல், மாமி. இது படம்.