டிக்கெட் போட்டவனைத் திட்டாதீங்க

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. எட்டுப் பேர் குற்றாலம் கிளம்புறாங்க, ஸ்லீப்பர் பெட்டியில டிடிஆர் வந்து ரெண்டு பேரை இறங்கச் சொல்றார், உடனே கூட வந்தவங்க மொத்தப் பேரும் டிக்கெட் போட்ட பையன் மேல பாயறாங்க. கமெண்ட்ல வந்தவங்களும் அவனைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. “ஒரு டிக்கெட் ஒழுங்கா போடத் தெரியாதா?” படிக்கப் படிக்க ஆறலை.

டிக்கெட் போட்டவனைத் திட்டாதீங்க. அவன் கையில என்ன இருந்ததுன்னு முதல்ல பாருங்க.

ஒரு பிஎன்ஆர்ல, அதாவது ஒரு டிக்கெட் நம்பர்ல, ஆறு பேருக்கு மேல போட முடியாது. எட்டுப் பேர்னா ரெண்டு டிக்கெட். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 அக்டோபர் வரைக்கும் இது 120 நாளா இருந்தது. ஆகஸ்ட் 14 ராத்திரி வண்டின்னா ஜூன் 15 காலையில எட்டுப் பேரோட பேரும் வயசும் தயாரா இருக்கணும். சென்னையில இருந்து தென்காசிப் பக்கம் போற பொதிகை மாதிரி வண்டியில தொடர் லீவுக்கு இடம் நிக்கவே நிக்காது. ஆனா எந்த குரூப்லயும் ரெண்டு பேர் “ஆபீஸ்ல கேட்டுட்டு சொல்றேன்”னு இழுப்பாங்க. அவங்க சரின்னு சொல்றப்போ வெயிட்டிங் லிஸ்ட்தான் மிச்சம். இதுல போட்டவன் தப்பு எங்க இருக்கு?

ஆன்லைன் டிக்கெட்ல இருக்கிற எல்லாருமே வெயிட்டிங்னா, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி சார்ட், அதாவது இடம் கிடைச்சவங்க பட்டியல், போட்டதும் அது தானா ரத்தாகிடும். அதுக்கப்புறம் ஸ்லீப்பர்ல ஏறினா டிக்கெட் இல்லாம ஏறின கணக்குதான். டிடிஆரைக் குறை சொல்ல முடியாது, அவர்கிட்ட இருக்கிற சார்ட்ல அந்தப் பேரே இருக்காது.

“வராத நண்பனோட பெர்த்தை, இறங்கச் சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் பேருக்கு மாத்தியிருக்கலாமே”ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். முடியாது சார். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, கணவன், மனைவி, பிள்ளைங்க பேருக்குத்தான் மாத்தலாம். நண்பனுக்கு இடமில்லை.

“தட்கல் போட்டிருக்கலாமே.” தட்கல்னா கடைசி நேர டிக்கெட், ஸ்லீப்பருக்கு முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். 2025 ஜூலைல இருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாம ஆன்லைன்ல போட முடியாது. கிடைக்காம தட்கல் வெயிட்டிங்ல விழுந்தா ஆர்ஏசிக்குக்கூட (ஒரு பெர்த்துல ரெண்டு பேர் உட்கார்ந்து போறது) நகராது. கிடைச்சு, அப்புறம் “எனக்கு முடியலடா”ன்னு ஒருத்தர் பின்வாங்கினா, உறுதியான தட்கலுக்கு ஒரு பைசா திரும்பாது. அந்த நஷ்டம் யார் தலையில?

இன்னொரு கொடுமை, “நான் செங்கல்பட்டுல ஏறிக்கிறேன்”. போர்டிங், அதாவது ஏறுற ஸ்டேஷனை, மாத்தினா அந்த டிக்கெட்ல உள்ள எல்லாருக்கும் மாறிடும், அப்புறம் எழும்பூர்ல ஏறுற உரிமை போயிடும். மாத்தாம விட்டா, ஆள் வரலைன்னு பெர்த் ஆர்ஏசிக்காரருக்குப் போகலாம். வழியில ஏறுறவரை முதல்லயே தனி டிக்கெட்ல போடணும். அதை அவர் முதல்லயே சொல்லியிருக்கணும்!

“கன்ஃபர்ம் ஆகலைன்னு அவன்தானே சொல்லணும்?” சொல்லணும்தான், ஒத்துக்கிறேன். ஆனா பத்து இலக்க பிஎன்ஆர் நம்பர் இருந்தா யார் வேணா நிலவரம் பார்க்கலாம். வளர்ந்த ஆளுங்க, போன் எல்லார் கையிலயும் இருக்கு. சார்ட்ல பேர் இல்லைன்னு தெரிஞ்ச உடனே கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தா, லீவுக்கு விடுற சிறப்புப் பேருந்துல தென்காசிப் பக்கம் ஏதாவது ஒண்ணைப் பிடிச்சிருக்கலாம். அன்ரிசர்வ்ட்ல ஏறச் சொல்றவங்க, லீவு ராத்திரியில அந்தப் பெட்டியோட கக்கூஸ் வாசல் வரைக்கும் ஆள் நிக்கிறதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. கூட்டம் இவ்வளவு வரும்னு காலண்டர் பார்த்தாலே தெரியும், ஆனா அந்தப் பெட்டிகள் போதறதே இல்லை. அதுக்கும் சேர்த்து அந்தப் பையன்தான் வாங்கிக் கட்டிக்கணுமா?

ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எட்டுப் பேர் பணத்தையும் அவன்தான் தன் கணக்குல இருந்து கட்டியிருப்பான். உங்க குரூப்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார். அவருக்குத் தர வேண்டிய பாக்கி இருந்தா இன்னைக்கே அனுப்பிடுங்க.